எழுபத்திரண்டு வயதும் பதினெட்டுப் புள்ளியும்

அத்தியாயம் 4

"ஆறுல நாலு கையெழுத்து நான் போட்டதே இல்லை" என்றார் பெரியவர்.

"மீதி ரெண்டு?"

"அது என்னுதுதான்."

"பரவாயில்லையே, உங்களுக்கும் ரெண்டு மிச்சம் வெச்சிருக்காங்க" என்றேன்.

அத்தை மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னை ஒரு பார்வை பார்த்தார். மருமகனைப் பேர் சொல்லித் திட்டக் கூடாது என்று அவரை வளர்த்திருக்கிறார்கள். அதனால் அவர் பார்த்தே திட்டுவார். பதினொரு வருடமாக எனக்குப் பழக்கம்.

எங்கள் துப்பறியும் நிறுவனம் ஒரு சலவைக் கடையின் மாடியில் இருக்கிறது. நிறுவனம் என்றால் ஒரு மேஜை, மூன்று நாற்காலி, என் மாமியார், நான். அத்தை முப்பத்தொரு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் இன்ஸ்பெக்டராக இருந்தவர். எரியாத கடையை எரிந்ததாகவும், சாகாத மாட்டைச் செத்ததாகவும் சொல்லி வந்தவர்களை வந்த வழியே அனுப்பியவர். ஓய்வு பெற்று மகளோடு இருக்க இந்த ஊருக்கு வந்தபோது வயது அறுபத்தேழு. வந்த மறுநாளே லைசென்ஸ் ஆபீசுக்குப் போனார். அறுபத்தைந்து தாண்டிய வெளிநாட்டவருக்கு இங்கே புது லைசென்ஸ் கிடையாது என்று கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒருவன் கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னான். அத்தை சேற்றிலும் மழையிலும் ஜீப் ஓட்டிப் பழகியவர். எனக்கு லைசென்ஸ் உண்டு, ஓட்டத்தான் வராது. சட்டத்தின் கண்ணில் ரோட்டுக்கு ஆபத்து அத்தைதான், நான் இல்லை. இப்படித்தான் நான் அவருக்கு டிரைவரும் உதவியாளரும் ஆனேன். மூன்று கம்பெனிகள் துரத்திவிட்ட பிறகு என்பதை என் மனைவி மறக்காமல் சேர்த்துச் சொல்வாள்.

பெரியவர் சட்டையைக் கழுத்து வரை பொத்தான் போட்டிருந்தார். ஊரில் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்து நாலு வருடம் மற்றவர்களின் வீட்டையும் நிலத்தையும் பதிந்து கொடுத்த மனிதர். நான் மனசுக்குள் அவருக்குப் பத்திரம் என்று பெயர் வைத்துவிட்டேன்.

பத்திரத்தின் ஃபைலில் ஆறு காப்பிகள் இருந்தன. கேமராவில் வேகம் பிடிபட்டால் வண்டியின் சொந்தக்காரருக்கு நோட்டீஸ் வரும். ஓட்டியது வேறு ஆள் என்றால் சொந்தக்காரர் அந்த ஆளின் பெயரை எழுத, அந்த ஆள் 'ஆமாம், நான்தான் ஓட்டினேன்' என்று கையெழுத்துப் போட வேண்டும். ஆறு படிவத்திலும் வண்டி, பெரியவருடைய மகனின் வண்டி. ஆறிலும் ஓட்டியவர் பெரியவர். ஒவ்வொன்றுக்கும் மூன்று அபராதப் புள்ளி.

"மூவாறு பதினெட்டு" என்றார் அத்தை. "உங்களுக்கு எல்லை எவ்வளவு?"

"இந்த ஊர்க்காரங்களுக்குப் பன்னெண்டு. அறுபத்தஞ்சு தாண்டின நம்ம மாதிரி ஆளுங்களுக்கு எட்டு. எட்டைத் தாண்டினா ரத்து. ரத்தானா அவ்வளவுதான், இந்த வயசுல மறுபடி கேட்க முடியாது. வருஷா வருஷம் கண் டாக்டர், காது டாக்டர், சர்க்கரை டாக்டர் எல்லார்கிட்டயும் சர்டிஃபிகேட் வாங்கி, எட்டு வருஷமா அந்த லைசென்ஸை உயிரோட வெச்சிருக்கேன்மா."

"விசாரணை எப்போ?"

"இன்னிக்கு. மூணு மணிக்கு."

சுவர்க் கடிகாரம் ஒன்பதே முக்கால் காட்டியது.

"நேத்தே வந்திருக்கலாமே சார்" என்றேன்.

"நேத்துதான் இந்தக் கடுதாசி என் கைக்கு வந்துது."

ஃபைலின் அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அவருடைய மகன் லைசென்ஸ் ஆபீசுக்கு எழுதிய கடிதத்தின் காப்பி. அத்தை சத்தமாகப் படித்தார். 'என் தந்தைக்குச் சில மாதங்களாக ஞாபக மறதி அதிகமாகிவிட்டது. என் வண்டியை எடுத்துச் செல்வதையும், கையெழுத்திடுவதையும் மறந்துவிடுகிறார். அவருடைய வயதைக் கருத்தில் கொண்டு, வேறு நடவடிக்கை எதுவுமின்றி லைசென்ஸை மட்டும் ரத்து செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

எவ்வளவு மரியாதை பாருங்கள். பெற்ற அப்பனைப் பைத்தியக்காரன் ஆக்கும்போதுகூட 'பணிவுடன்'.

"லைசென்ஸ் போனா உங்களுக்கு என்ன நஷ்டம்?" அத்தை கேட்டார். எல்லோரிடமும் கேட்கும் கேள்வி அது. பதிலை வைத்துத்தான் கேஸை எடுப்பார்.

"என் மனைவி படுத்த படுக்கையா ஒரு முதியோர் இல்லத்துல இருக்கா. ஊருக்கு வெளிய, நாற்பது நிமிஷம். பஸ் போகாது. தினமும் காலைல ஏழரைக்கு நான் போய் ஊட்டணும்." ஃபைலின் முனையை நேராக்கினார். "வேற யார் ஊட்டினாலும் வாயைத் திறக்க மாட்டா."

"நாலு கையெழுத்தை யார் போட்டிருப்பா?"

"அதை நீங்கதான் கண்டுபிடிக்கணும்."

"வண்டி உங்க பையனோடது, லெட்டர் உங்க பையனோடது. இதுல கண்டுபிடிக்க என்ன சார் இருக்கு?" என்றேன்.

"சந்தேகம் வேற, அத்தாட்சி வேற தம்பி" என்றார் பத்திரம், சுவரைப் பார்த்துக்கொண்டு. "அதுவுமில்லாம அது என் வாயால வரக் கூடாது."

அவர் படியிறங்கியதும் நான் ஆறு காப்பிகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஆறு கையெழுத்தும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றாக இருந்தன. ஆறும் வேலை நாள், காலை ஏழே முக்காலுக்கும் எட்டேகாலுக்கும் நடுவில். இரண்டு தாளில் மட்டும் அடியில் குறுக்கே ஒரு கோடு ஓடியது.

"காப்பி மெஷின் கீறியிருக்கு. அந்த ஆபீஸ்ல அதையாவது துடைச்சு வைக்கக் கூடாதா?" என்றேன். "அத்தை, என்னைக் கேட்டா ஆளுக்கு மறை கழண்டுடுச்சு. பையன் எழுதினதுதான் நிஜம். ஆறும் இவரே போட்டிருக்கார், நாலை மறந்துட்டார்."

"மறந்தவங்க எத்தனை மறந்தோம்னு எண்ணி வெச்சுக்க மாட்டாங்க, மாப்பிள்ளை. வண்டியை எடுங்க."

"எங்கே?"

"ஏழரை மணிக்கு அவர் இருந்ததா சொன்ன இடத்துக்கு."

நாற்பது நிமிடப் பாதையை நான் ஐம்பத்தைந்து நிமிடத்தில் கடந்தேன். வழியில் அத்தை நான்கு முறை இல்லாத பிரேக்கை மிதித்தார்.

இல்லம் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி, ஒரு டயர் குடோனுக்குப் பின்னால் இருந்தது. வாசலில் 'உங்கள் பெற்றோர் எங்கள் பெற்றோர்' என்று பளபளக்கும் போர்டு. அதன் கீழே வண்டி நிறுத்தப் பன்னிரண்டு இடம், பதினொன்று காலி. அந்தப் பெற்றோர்களைப் பார்க்க வருகிறவர்களின் கூட்டம் அவ்வளவுதான்.

வரவேற்பு மேஜையில் இருந்த நர்ஸ் வருகைப் பதிவு நோட்டை எங்கள் பக்கம் தள்ளினார். யார் வந்தாலும் பெயர், நேரம், யாரைப் பார்க்க, குறிப்பு என்று நான்கு கட்டம் நிரப்ப வேண்டும். அத்தை எழுதுவது போல பேனாவைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகத் தாள்களைப் புரட்டினார். நான் படிவத்தில் இருந்த தேதிகளைக் காதோரமாகச் சொன்னேன். ஆறு தேதி. ஆறிலும் காலை ஏழு இருபத்தைந்து, ஏழரை என்று பத்திரத்தின் பெயர் இருந்தது. வெளியே போன நேரம் ஒன்பதுக்குக் குறையவில்லை.

"மகன் பேர் இருக்கா பாருங்க" என்றார் அத்தை.

பார்த்தேன். இந்த வருடத்தில் மூன்று இடத்தில் இருந்தது. ஒருமுறை அம்மாவோடு பதினோரு நிமிடம் இருந்திருக்கிறார். மீதி இரண்டும் அதைவிடக் குறைவு. ஏர்போர்ட்டில் ஆளை இறக்கிவிடக்கூட அதற்கு மேல் ஆகும்.

"அந்தப் பெரியவரோட சொந்தமா?" நர்ஸ் கேட்டார். "தங்கமான மனுஷன். அவர் வந்தாத்தான் அந்தம்மா வாயைத் திறப்பாங்க. போன மாசம் அவருக்குக் காய்ச்சல், மூணு நாள் வரலை. நாங்க குழாய் போட வேண்டியதாப் போச்சு. ஆனா ஒரு விஷயம் அவர்கிட்ட நீங்களாவது சொல்லுங்க. இந்த நோட்டைப் பாழ் பண்றார்."

"எப்படி?"

"கடைசிக் கட்டத்தைப் பாருங்க. 'குறிப்பு'ன்னு சும்மா போட்டிருக்கோம். எல்லாரும் காலியா விட்டுட்டுப் போவாங்க. இவர் மட்டும் தினமும் குறுக்க ஒரு கோடு கிழிச்சு, ரெண்டு முனையிலயும் சின்னக் கையெழுத்து வேற போடறார். கேட்டா, காலி இடத்தை அப்படியே விட்டா நாளைக்கு வேற ஒருத்தன் அதுல எதையாவது எழுதிடுவான், அதுக்கு நான் கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிடும்கறார். இது விசிட்டர் நோட்டு, இதுல யாருங்க வந்து நிலத்தை எழுதி வாங்கப் போறாங்க?"

அத்தை நோட்டை மெதுவாக மூடினார். பிறகு அங்கிருந்த சோபாவில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஆறு காப்பிகளையும் எடுத்து வரிசையாகப் பரப்பினார்.

படிவத்தின் அடியில் 'வேறு ஏதேனும் தெரிவிக்க விரும்பினால்' என்று ஐந்து வரி காலியாக விட்டிருந்தார்கள். நான் காப்பி மெஷினைக் குறை சொன்னது அந்த இடத்தைப் பார்த்துத்தான். இரண்டு தாளில் அந்த ஐந்து வரியையும் ஒரு கோடு குறுக்கே அடைத்திருந்தது. கோட்டின் இரு முனையிலும் கடுகு அளவில் எழுத்து. மற்ற நான்கு தாளிலும் ஐந்து வரியும் திறந்த வீடாகக் கிடந்தன.

"முப்பத்து நாலு வருஷம் பத்திர ஆபீஸ்" என்றார் அத்தை. "அந்தக் கை தூக்கத்துலகூட காலி இடத்தை விடாது. மறதி வந்தா பெண்டாட்டி பேரை மறப்பாங்க, இதை மறக்க மாட்டாங்க. நாலு கையெழுத்தைப் போட்டவனுக்கு அப்பாவோட கையெழுத்து தெரிஞ்சிருக்கு. கை தெரியலை."

"நான் மெஷின் கோளாறுன்னு..."

"நீங்க சொன்னதை நான் மறந்துட்டேன், மாப்பிள்ளை. எனக்கும் வயசாகுதில்ல."

வாங்கிக் கட்டிக்கொண்டு எழுந்தேன். "சரி, எதுக்கு இவ்வளவு சுத்தி வளைக்கணும்? இந்த நோட்டை அப்படியே விசாரணையில காட்டினா முடிஞ்சுதே. ஆறு நாளும் அவர் இங்கதான் இருந்திருக்கார்."

"இந்த நோட்டைப் பத்தி நீங்க மூச்சு விடக் கூடாது" என்றார் அத்தை. குரலில் கிண்டல் இல்லை. "ஏன்னு அப்புறம் சொல்றேன்."

போகும் வழியில் ஒரு அறையின் கதவு திறந்திருந்தது. ஜன்னல் பக்கமாகக் கட்டிலைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். ஒடுங்கிப்போன ஒரு அம்மாள் வெளியே கார் நிறுத்தும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை இரண்டு நொடி நின்றார். பிறகு வழக்கத்தைவிட வேகமாக நடந்தார்.

மகன் வேலை பார்க்கும் கட்டடத்தில் எல்லாமே கண்ணாடி. கதவு, சுவர், மேஜை, படிக்கட்டு. ஒளித்து வைக்க நிறைய இருப்பவர்கள்தான் இப்படிக் கட்டுவார்கள் என்பது என் அனுபவம். மகன் அங்கே வைஸ் பிரசிடெண்ட். வழிகாட்டிய பெண்ணும் வைஸ் பிரசிடெண்ட். அந்தக் கம்பெனியில் வைஸ் பிரசிடெண்ட் இல்லாதவர் வாசல் காவலாளி ஒருவர்தான், அவருக்குத்தான் வேலை இருந்த மாதிரி தெரிந்தது.

"உட்காருங்க ஆன்ட்டி" என்றார் மகன். நாற்பத்தைந்து வயது, இஸ்திரி போட்ட முகம். "அப்பா உங்களையும் தொந்தரவு பண்றாரா? ஐ ஆம் சாரி. ரொம்ப நாளா இப்படித்தான். வண்டியை எடுப்பார், மறந்துடுவார். எனக்கே கஷ்டமா இருக்கு."

"கஷ்டம் லெட்டர்லயே தெரிஞ்சுது தம்பி" என்றார் அத்தை. கோடு போட்ட ஒரு காப்பியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இதுல குறுக்க ஒண்ணு ஓடுதே, அது என்னன்னு சொல்ல முடியுமா?"

மகன் குனிந்து பார்த்தார். "காப்பி மெஷின் ப்ராப்ளம்."

எனக்கு முகம் சுட்டது. ஒரே நாளில் நானும் இந்த ஆளும் ஒரே முட்டாள்தனத்தைச் சொல்லியிருக்கிறோம். இனி ஜென்மத்துக்கும் காப்பி மெஷினைக் குறை சொல்வதில்லை என்று முடிவு செய்தேன்.

அத்தை விளக்கினார். பத்திர ஆபீஸ், காலி இடம், இரண்டு முனையிலும் சின்னக் கையெழுத்து. கோடு இல்லாத நான்கையும் ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்தார். மகனுடைய முகத்தில் இஸ்திரி கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது.

"கையெழுத்தை நல்லாத்தான் பார்த்து எழுதியிருக்கீங்க" என்றார் அத்தை. "அப்பாவைத்தான் பார்க்கலை."

"இதெல்லாம் ஒரு ப்ரூஃபா ஆன்ட்டி? ஒரு கோடு இருக்கு, இல்லைன்னு சொல்லி..."

"லைசென்ஸ் ஆபீஸ் கேமரால முன்பக்கமும் படம் இருக்கும், ஓட்டறவர் முகம் தெரியும். யாராவது கேட்டாத்தான் எடுப்பாங்க. இதுவரைக்கும் யாரும் கேட்கலை. நான் கேட்கட்டுமா?"

மகன் எழுந்து கண்ணாடிக் கதவைச் சாத்தினார். சாத்தினாலும் எல்லோருக்கும் தெரியத்தான் செய்தது.

"இங்க பாருங்க. எனக்கு ஏற்கெனவே புள்ளி இருந்துது, இன்னும் ஏறினா லைசென்ஸ் போயிடும். நான் கிளையன்ட்டைப் பார்க்கணும், மீட்டிங் போகணும். அவருக்கு என்ன வேலை? எழுபத்திரண்டு வயசு. இன்னும் ரெண்டு வருஷத்துல எப்படியும் நிறுத்தப் போறார். அவர் கணக்குல சும்மா கிடந்த இடத்துலதானே என் புள்ளியைப் போட்டேன்?"

"சும்மா கிடந்துது" என்றேன் நான். "கரெக்ட். அவர்தான் தினமும் எண்பது நிமிஷம் சும்மா ஓட்டறார்."

"யூ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட். அவங்க ரெண்டு பேரோட குடியிருப்பு பர்மிட்டும் என் பர்மிட்ல தொங்குது. அவர் இதைக் கிளறினா அவருக்குத்தான் கஷ்டம். அதையும் அவர்கிட்ட சொல்லிடுங்க."

அத்தை கைப்பையை மூடினார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். இப்போது அது கிட்டத்தட்டத் தரையில் இருந்தது.

"நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லிட்டுப் போறேன், தம்பி. தப்பான படிவம் கொடுத்த ஆள், விசாரணை முடியறதுக்கு முன்னாடி தானா வந்து நான்தான்னு சொன்னா, புள்ளி அவர் பேருக்கு மாறும், அதோட சரி. ஆபீஸே கண்டுபிடிச்சா அதுக்குப் பேர் மோசடி. போலீஸ் கேஸ். கேஸ்னு வந்தா முதல்ல போறது உங்க பர்மிட். அதுல தொங்கறவங்க அத்தனை பேரும் ஒரே விமானத்துல ஊருக்குப் போகலாம். உங்க அம்மாவை ஸ்ட்ரெச்சர்ல ஏத்தும்போது பிடிக்க நீங்களாவது கிடைப்பீங்க. மூணு மணி, ரெண்டாவது மாடி."

லைசென்ஸ் ஆபீஸின் இரண்டாவது மாடி நடைபாதையில் பெரியவர் நேராக உட்கார்ந்திருந்தார். மணி இரண்டே முக்கால். பக்கத்தில் காலி நாற்காலி இருந்தும் அத்தை உட்காரவில்லை.

"நாலு கையெழுத்து போலின்னு அத்தாட்சி கிடைச்சுது" என்றார். "யார் போட்டதுன்னும் தெரிஞ்சுது."

பெரியவர் தலையசைத்தார். யார் என்று கேட்கவில்லை.

"மீதி ரெண்டுக்கும் இப்போ வருவோம். கையெழுத்து நிச்சயமா உங்களுது. ஆனா அந்த ரெண்டு நாளும் நீங்க வண்டி ஓட்டலை. ஏழே முக்காலுக்கு உங்க மனைவிக்கு ஊட்டிக்கிட்டு இருந்திருக்கீங்க. நோட்டு சொல்லுது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நோட்டைக் காட்டினால் நான்கு பொய்யோடு இந்த இரண்டு பொய்யும் சேர்ந்து வெளியே வந்துவிடும். அந்த இரண்டுக்குக் கீழே இருப்பது பெரியவரின் சொந்தக் கை. பெரியவருக்கு எதிரான ஒரே சாட்சி பெரியவர்தான்.

"ஏன் போட்டீங்க?" அத்தை கேட்டார்.

"அவளை அந்த இல்லத்துல சேர்க்கணும்னா அவன் ஜாமீன் கையெழுத்துப் போடணும். நாலு மாசம் இழுத்தடிச்சான். ஒரு நாள் அந்தப் படிவத்தையும் இதையும் ஒண்ணாக் கொண்டு வந்து மேஜைல வெச்சான். நீங்க இதுல போடுங்க, நான் அதுல போடறேன்னான். படிச்சேன். எல்லா வரியும் படிச்சேன். பொய்னு தெரிஞ்சே போட்டேன். ரெண்டாவது தடவை, அம்மாவுக்குத் தனி அறை வேணுமான்னு கேட்டான். மூணாவது தடவை முடியாதுன்னுட்டேன். அப்புறம் கேட்கறதை நிறுத்திட்டான். அவனே போட ஆரம்பிச்சிருக்கான்."

"ரெண்டு மூணு ஆறு" என்றார் அத்தை. "ஆறு எட்டுக்கு உள்ள. நாலு மட்டும் போலின்னு ஆனா லைசென்ஸ் தப்பிக்கும். ஆறும் பொய்னு ஆனா நீங்களும் மாட்டுவீங்க. நல்லா எண்ணிட்டுத்தான் எங்ககிட்ட வந்திருக்கீங்க."

"ஆமாம்மா." அவர் தலை நிமிரவில்லை. "முப்பத்து நாலு வருஷம் பொய்ப் பத்திரம் கொண்டு வந்தவங்களை மூஞ்சியில அடிச்ச மாதிரி திருப்பி அனுப்பியிருக்கேன். ஒருத்தர் காலைப் பிடிச்சு அழுதார். பெண் கல்யாணம்னார். எழுந்து போய்யான்னேன். எனக்கு இப்போ அவர் முகம்தான் ஞாபகம் வருது."

காலையிலிருந்து இந்த மனிதரை நான் கேலி செய்துகொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதை மறைக்கத் தண்ணீர் குடிக்கப் போனேன்.

மூன்று மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். மகன் வரவில்லை. விசாரணை அதிகாரி ஜலதோஷம் பிடித்த ஒரு அம்மாள். மேஜையில் முத்திரைகள், மூக்குத் துடைக்கும் காகிதம், இரண்டும் சம அளவில் இருந்தன. ஃபைலைத் திறந்து, மகனுடைய கடிதத்தைப் படித்து, பெரியவரைப் பரிதாபமாகப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பதில் அறைந்திருக்கலாம்.

"இன்னிக்கு என்ன கிழமைன்னு தெரியுமா ஐயா?" என்று சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார்.

"செவ்வாய்" என்றார் பெரியவர். "எனக்குக் காது நல்லாக் கேட்கும். சர்டிஃபிகேட் ஃபைல்லயே இருக்கு, மூணாவது தாள்."

மூன்று மணி ஏழு நிமிடத்துக்குக் கதவு திறந்தது. மகன் வந்தார். கோட் இல்லை, டை இருந்தது. ஏதோ ஒரு குழப்பத்தின் காரணமாக நான்கு படிவங்களில் ஒரு தவறு நேர்ந்துவிட்டதாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"ஓட்டினது குழப்பமா, நீங்களா?" என்றார் அதிகாரி, மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"நான்தான்."

"நாலுமா?"

"நாலும்."

"மறதின்னு எழுதியிருந்தீங்களே. அது யாருக்கு?"

மகன் டையைச் சரி செய்துகொண்டார். அதிகாரி நான்கு தாளைப் பிரித்துத் தனியே வைத்தார். "பன்னெண்டு புள்ளி உங்க பேருக்கு வருது. ஒரு வருஷம் நீங்க வண்டியைத் தொடக் கூடாது." முத்திரை விழுந்தது. பிறகு மீதி இரண்டு தாளையும் எடுத்தார். "இந்த ரெண்டு? இதை ஓட்டினது யார்?"

கேள்வி அப்பாவைப் பார்த்துத்தான் வந்தது. ஆனாலும் அறையில் இருந்த நாங்கள் மூன்று பேரும் மகனைப் பார்த்தோம். ஒரு வார்த்தை போதும். நாலோடு ரெண்டு ஆறு, ஆறு கையெழுத்தும் நான் போட்டதுதான் என்று சொன்னால் அவருக்கு இன்னும் ஒரு வருடம் கூடும், அப்பா ஒரு பொய்யிலிருந்து தப்பிப்பார். நான் மனசுக்குள் ஐந்து வரை எண்ணினேன். மகன் தன்னுடைய ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். விலை உயர்ந்த ஷூதான். பார்க்க வேண்டியதுதான்.

அத்தை வாயைத் திறக்கவில்லை. எங்களிடம் கேட்கப்பட்டது நான்கு. நான்குக்கு அவர் பதில் சொல்லிவிட்டார்.

"நான்தான் ஓட்டினேன்" என்றார் பெரியவர்.

"இந்த வயசுல அவ்வளவு வேகமா எங்க போனீங்க?"

"என் மனைவி பசியோட இருப்பா."

அதிகாரி அவரைச் சற்று நேரம் பார்த்தார். இந்த முறை பார்வையில் பரிதாபம் இல்லை. ஆறு புள்ளி என்று எழுதினார். ஒரு வருடத்துக்கு லைசென்ஸ் நீட்டிக்கப்பட்டது. அடுத்த முறை மெதுவாகப் போகச் சொன்னார். பெரியவர் அதிகாரியின் முகத்தைப் பார்க்காமல் நன்றி சொல்லி எழுந்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத கண். மகன் நிமிர்ந்து பார்த்தே நன்றி சொன்னார்.

வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில் பெரியவருடைய சின்னக் கார் வெயிலில் நின்றது. மகன் அதன் அருகில் போய் போனை நோண்டிக்கொண்டு நின்றார். என்னையும் அத்தையையும் பார்க்காத மாதிரி பாவனை. அதில் அவருக்கு நல்ல பயிற்சி உண்டு.

"அப்பா, இனிமே காலைல நான் ஏழே காலுக்குக் கிளம்பணும். நீங்கதான் ஆபீஸ்ல டிராப் பண்ணணும். வேற வழியில்லை."

மன்னிப்பு என்று ஒன்று இந்த உலகத்தில் இருப்பதே அவருக்குத் தெரியாது போலிருந்தது. எனக்கு வாய் துறுதுறுத்தது. அத்தை என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏழே காலுக்கு நான் பாதி வழியில இருப்பேன்" என்றார் பெரியவர். "ஆறே முக்காலுக்கு வண்டியில உட்காரு. முதல்ல அம்மாகிட்ட போவோம். அவ சாப்பிட்டதும் திரும்பி வந்து உன்னை ஆபீஸ்ல விடறேன்."

"அவங்க சாப்பிட எவ்வளவு நேரம் ஆகும்?"

"சில நாள் ஒரு மணி நேரம். சில நாள் ரெண்டு."

"தினமுமா? அதுவரைக்கும் அங்க உட்கார்ந்து நான் என்னப்பா பண்றது?"

பெரியவர் கதவைத் திறந்து உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டு, கண்ணாடியைச் சரி செய்தார். அவசரமே இல்லை.

"ஸ்பூனைப் பிடி" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.